ஒரு சாண் மேலே பார்க்கும் பிள்ளைகள்

அமெரிக்காவின் வடக்கே இருக்கும் எங்கள் லிண்டாலில் எந்த வீட்டுச் சமையலறைக்குப் போனாலும் ஃபிரிட்ஜ் கதவில் மார்லிஸ் ஸ்காகன் எடுத்த படம் ஒன்று ஒட்டியிருக்கும். பல் முளைக்காத குழந்தை, பல் விழுந்த குழந்தை, பல்லுக்குக் கம்பி போட்ட குழந்தை என்று அந்த வீட்டுப் பிள்ளையின் வாய் வரலாறு மொத்தமும் அந்தக் கதவில் இருக்கும். அத்தனை வாயும் சிரித்துக்கொண்டிருக்கும். சுற்றுவட்டாரத்தில் வேறு படக்காரர்களும் உண்டு. அவர்கள் படத்தில் பிள்ளைகள் சிரிக்கச் சொன்னதற்காகச் சிரிப்பார்கள். மார்லிஸ் படத்தில் அடக்க முடியாமல் சிரிப்பார்கள். இதை நாங்கள் சொல்வதைவிட மார்லிஸே நன்றாகச் சொல்வாள். அவளைக் கேட்கக்கூட வேண்டியதில்லை.

குழந்தை என்றால் அவளுக்குப் பைத்தியம். பால் வாங்கக் கடைக்குப் போவாள். தள்ளுவண்டியில் ஒரு புசுபுசுக் குழந்தை உட்கார்ந்திருக்கும். அதன் கன்னத்தைப் பார்த்து, கண்ணைப் பார்த்து, இது அம்மா ஜாடையா அப்பா ஜாடையா என்று பத்து நிமிஷம் விசாரித்து, சனிக்கிழமைக்கு நேரமும் குறித்துக் கொடுத்துவிட்டு, பால் வாங்காமல் வீட்டுக்கு வருவாள். குடும்பமாக நாலு பேர் ஒரு இடத்தில் நின்றாலும் போச்சு. துக்க வீட்டில் அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, "இத்தனை பேரும் மறுபடி எப்போ ஒண்ணா சேரப் போறீங்க? கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்று கேமராவைத் தூக்கிவிடுவாள். அந்த நேரத்தில் எல்லோரும் முறைப்பார்கள். அடுத்த மாதம் அவர்களே வந்து, இன்னொரு பிரதி கிடைக்குமா என்று கேட்பார்கள்.

அவளிடம் ஒரு மந்திரச் சொல் உண்டு. வேறு ஊர்களில் படக்காரர்கள் சீஸ் என்று சொல்லச் சொல்வார்களாம். மார்லிஸ் அதை மதிப்பதே இல்லை. குழந்தையைப் புல்லில் உட்காரவைத்து, மண்டி போட்டு, கேமராவைக் கண்ணில் வைத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, "லூட்டஃபிஸ்க்!" என்று ஒரு கூவல் கூவுவாள். லூட்டஃபிஸ்க் என்பது காய்ந்த மீனைச் சாம்பல் நீரில் ஊறப்போட்டுக் களியாக்கி, வெண்ணெய் ஊற்றி, கிறிஸ்துமஸ் சமயத்தில் நாங்கள் தின்கிற பண்டம். மூன்று வீடு தள்ளி நாறும். நார்வேயிலிருந்து எங்கள் முன்னோர் கொண்டுவந்ததில் ஊரே மறக்க நினைத்து மறக்க முடியாமல் இருப்பது அது ஒன்றுதான். அந்தப் பெயரைக் கேட்டதும் குழந்தை குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கும்.

"சும்மா சிரின்னா எந்தக் குழந்தை சிரிக்கும்?" என்பாள் மார்லிஸ். "வார்த்தை வேணும். அதைச் சொல்ற விதத்துல சொல்லவும் வேணும். அது எல்லாருக்கும் வந்துடாது."

கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். சிலர் அந்த நேரத்தில் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடுவார்கள்.

அவள் கணவர் ஆர்லின் எப்போதும் கூட வருவார். ஆள் நெட்டை. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முன்னால் இருக்கிற கண்ணாடியில் அவர் ஒரு பார்வை பார்த்தால் கடைசி இருக்கை வரை சத்தம் அடங்கிவிடும். அவர் சிரித்து ஊரில் யாரும் பார்த்ததில்லை என்று மார்லிஸ் சொல்வாள், அதற்கும் நாங்கள் தலையாட்டுவோம். படம் எடுக்கும்போது அவருக்கு ஒரே வேலைதான். மார்லிஸ் முதுகுக்குப் பின்னால், வெளிச்சத்தைப் பிள்ளைகள் முகத்துக்குத் திருப்பிவிடுகிற வெள்ளைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நிற்பார். முடிந்ததும் பலகையை மடித்து வண்டியில் வைப்பார். "எப்படி இருந்துச்சு?" என்று மார்லிஸ் கேட்டால், "ம்" என்பார்.

ஒரு தடவை துணி துவைக்கும்போது அவருடைய கோட்டுப் பையில் மஞ்சள் ரப்பர் வாத்து ஒன்று இருந்தது. மகன் கார்ஸ்டன் கைக்குழந்தையாக இருந்தபோது குளியல் தொட்டியில் மிதந்த வாத்து.

"இது எதுக்கு உன் பையில?"

"இருக்கட்டும்."

அந்தப் பையில் ஆணி, சணல் கயிறு, பேனாக்கத்தி, பாதி தின்ற மிட்டாய் எல்லாம்தான் இருந்தன. வாத்தும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் திரும்ப வைத்துவிட்டாள். மனுஷன் எதையும் தூக்கி எறியமாட்டார் என்பது அவளுக்குப் பழகிப்போன விஷயம்.

மார்லிஸ் எடுக்கும் படங்களில் ஒரு தனித்தன்மை உண்டு. பிள்ளைகள் நேராகக் கேமராவைப் பார்ப்பதில்லை. ஒரு சாண் மேலே பார்ப்பார்கள். ஒன்றிரண்டு படமல்ல, எல்லாப் படத்திலும் அப்படித்தான். ஒரு வருஷம் மாவட்டச் சந்தைப் போட்டியில் அவளுடைய படத்துக்கு முதல் பரிசு நீல ரிப்பன் கொடுத்த நடுவர், அந்தக் கண்களில் வருங்காலம் தெரிகிறது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மார்லிஸுக்குத் தலைகால் புரியவில்லை. "வருங்காலத்தைப் பார்க்கவைக்கிறது என் பாணி" என்று புது ஆட்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள். அந்த நடுவர் பேசும்போது பக்கத்தில் நின்ற ஆர்லின் காது நுனி வரை சிவந்ததை அவள் கவனிக்கவில்லை.

போன செப்டம்பரில் ஆர்லினுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. கிறிஸ்துமஸ் வரை வெளியே நின்று வேலை எதுவும் செய்யக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இலைகள் நிறம் மாறி, ஊரில் எல்லாக் குடும்பமும் ஒரே நிறச் சட்டை மாட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைக்குப் படம் எடுக்க வரிசையில் நிற்கிற காலம் அது. மார்லிஸ் அலட்டிக்கொள்ளவில்லை. ஒரு இரும்புக் கம்பித் தாங்கியை வாங்கி வெள்ளைப் பலகையை அதில் மாட்டினாள். "உன்னைவிட ஆடாம நிக்குது" என்று ஆர்லினிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் சனிக்கிழமை ஆப்பிள் தோட்டத்தில் இரட்டைப் பிள்ளைகள். மண்டி போட்டாள், மூச்சை இழுத்தாள், "லூட்டஃபிஸ்க்!" என்றாள். இரண்டும் அவளைப் பார்த்தன. விலையை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் மாதிரி பார்த்துவிட்டு அவள் தலைக்கு மேலே பார்த்தன. அங்கே பலகையைத் தவிர எதுவும் இல்லாததால் மறுபடி அவளைப் பார்த்தன. இன்னும் சத்தமாகக் கூவினாள். ஒன்று அழ ஆரம்பித்தது. மற்றது அதற்குத் துணைபோனது.

அடுத்து இரட்டைச்சடை போட்ட ஒரு சின்னப் பெண். அது கழுத்தை நீட்டி நீட்டி மார்லிஸுக்குப் பின்னால் தேடியது.

"அவரு வரலையா?" என்று அம்மாவைக் கேட்டது.

"யாரைக் கேக்கறா?" என்றாள் மார்லிஸ்.

"பாதிரியாரை," என்றாள் அம்மா, ஒரு நொடி கூடத் தயங்காமல். "அவருன்னா இவளுக்கு உசிரு."

"பாதிரியார் இல்லம்மா, அந்த வாத்..." என்று ஆரம்பித்த வாயில் அம்மா ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிட்டாள். அந்தப் படத்தில் அந்தப் பெண் மென்றுகொண்டிருக்கிறது.

எங்கள் ஊரின் குணம் இது. ஒருவர் மனம் நோகும் என்றால் உண்மையை வாசல்படி தாண்ட விடமாட்டோம். முதுகில் ஒட்டிய காகிதத்தோடு ஒருத்தர் கடைத்தெரு முழுக்க நடந்தாலும், இன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம் இல்லையா என்று கேட்போமே தவிர, காகிதத்தைப் பற்றிப் பேசமாட்டோம். இதற்குப் பெயர் நாகரிகம் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

அந்த மாதம் முழுவதும் இதே கதைதான். ஒரு குழந்தை கொட்டாவி விட்டது. ஒன்று செருப்பைக் கழற்றி எறிந்தது. தாய்மார்கள் படத்தைப் பார்த்து, "நல்லா இருக்கு, வித்தியாசமா இருக்கு" என்றார்கள். எங்கள் ஊரில் வித்தியாசமாக இருக்கிறது என்று சொன்னால் அதைவிடக் கடுமையான வசவு கிடையாது. மார்லிஸுக்கு அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காபி நேரம். மார்லிஸ் தன் தோழி வெர்னா பக்கத்தில் உட்கார்ந்தாள். கோப்பையை எடுக்கவில்லை.

"வெர்னா, கிறிஸ்துமஸோட நிறுத்திடலாம்னு இருக்கேன்."

"எதை?"

"படம் எடுக்கிறதை. கேமராவை யாருக்காவது குடுத்துடறேன். என் வார்த்தை செத்துப் போச்சு."

வெர்னா எதிரே இருந்த தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "எலுமிச்சை கேக் ஒரு துண்டு எடுத்துக்கோ."

"நான் என்ன சொல்லிக்கிட்டு இருக்கேன், நீ என்னடி பண்றே?"

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க அப்படித்தான் மார்லிஸ். எந்நேரமும் போனுக்குள்ள மூஞ்சியை வெச்சுக்கிட்டு..."

"ஏழு மாசக் குழந்தைக்கு எங்கடி போன்?"

வெர்னா இன்னொரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். வெர்னாவின் நாலு பேரப்பிள்ளைகளும் மார்லிஸ் எடுத்த படங்களில் ஒரு சாண் மேலே பார்த்துச் சிரிப்பவர்கள்தான். அவர்களோடு வெர்னாவும் அந்தத் தோட்டத்தில் நின்றிருக்கிறாள். சொல்லியிருக்கலாம். எலுமிச்சைத் துண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

வீட்டில் ஆர்லின் காலை நீட்டி, முட்டியில் ஐஸ் பொட்டலம் வைத்து உட்கார்ந்திருந்தார். மார்லிஸ் கோட்டைக் கழற்றாமலே விஷயத்தைச் சொன்னாள்.

"விட்டுடறேன் ஆர்லின். பிள்ளைங்களுக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சு."

அவர் செய்தித்தாளைக் கீழே வைத்தார். "நான் வந்து நிக்கிறேன்."

"நீ நின்னு என்ன ஆகப்போகுது? பலகையைத்தான் கம்பி பிடிச்சுக்குதே."

"மார்லிஸ்."

"என்ன?"

அவர் வாயைத் திறந்தார். பேருந்துக் கதவு மாதிரி அது கொஞ்ச நேரம் திறந்தே இருந்துவிட்டு மூடிக்கொண்டது. "ஒண்ணுமில்ல. காபி இருக்கா?"

சமையலறைக்குப் போய்க் காபி போட்டாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். நீல ரிப்பன் போனால் போகட்டும். ஒரு குழந்தை தன்னைப் பார்த்துச் சிரிக்கும் அந்த ஒரு விநாடிக்காகத்தான் அவள் வாரம் முழுக்கக் காத்திருப்பாள். அது இனிமேல் இல்லை என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

இது போதாதென்று அந்த வாரமே மருமகள் டானிகா இன்னொரு குண்டைப் போட்டாள். டானிகா நியூ ஜெர்சிக்காரி. கார்ஸ்டனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து சில வருஷமாகிறது. மனதில் பட்டதை அப்படியே பேசுவாள். அதனால் ஊரில் எல்லோருக்கும் அவளிடம் கொஞ்சம் பயம். சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் கைமாற்றிக்கொண்டே சொன்னாள்.

"மார்லிஸ், இந்த வருஷம் நம்ம வீட்டு கிறிஸ்துமஸ் அட்டைக்கு படம் எடுக்க ஃபார்கோ டவுன்லேர்ந்து ஒரு பொண்ணை வரச் சொல்லியிருக்கேன். ஹேட்லின்னு பேரு. நல்லா எடுப்பா."

கார்ஸ்டன் கரண்டியைத் தட்டில் வைத்தான். ஆர்லின் கூரையைப் பார்த்தார். ஊர் பூராவுக்கும் படம் எடுத்தவள், சொந்த வீட்டு அட்டைக்கு வேண்டாம். மார்லிஸ் ஒரு கவளத்தை மென்று விழுங்கினாள்.

"தாராளமா," என்றாள். "நல்லதுதான்."

"நிஜமா நல்லதா, இல்ல உங்க ஊரு நல்லதா?"

"நல்லதுன்னா நல்லது."

"அப்போ கோவம்தான்," என்றாள் டானிகா. "இருக்கட்டும். பச்சைக் கட்டம் போட்ட சட்டை வாங்கி வெச்சிருக்கேன், எல்லாருக்கும். உங்களுக்கும்தான். இந்தத் தடவை நீங்களும் படத்துல நிக்கணும்."

மார்லிஸுக்குப் படத்தில் நின்று பழக்கமே கிடையாது. அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டுக்குப் பின்னால் காற்றைத் தடுக்க நட்ட மரவரிசைக்கு முன்னால், காலர் குத்தும் பச்சைச் சட்டையில், பாஸ்போர்ட்டுக்கு நிற்பவள் மாதிரி நின்றாள். நின்ற இடத்திலிருந்தே அந்த ஹேட்லி பெண்ணுக்கு வகுப்பு எடுக்கவும் ஆரம்பித்தாள். வெளிச்சம் மேற்கிலிருந்து வருகிறது, இன்னும் ரெண்டடி இந்தப் பக்கம் வா, அவ்வளவு உசரத்துலேர்ந்து எடுத்தா பிள்ளைங்க குள்ளமாத் தெரிவாங்க, மண்டி போடும்மா. ஹேட்லி பொறுமைசாலி. மண்டி போட்டாள்.

டானிகாவின் இடுப்பில் இரண்டு வயதுப் பேரன் ஆக்ஸல். சட்டை பிடிக்காமல், தொப்பி பிடிக்காமல், உலகமே பிடிக்காமல் கத்திக்கொண்டிருந்தான். ஹேட்லி விரலைச் சொடுக்கினாள், பூனை மாதிரி கத்தினாள். அவன் இன்னும் சத்தத்தைக் கூட்டினான். மார்லிஸ் குனிந்து அவன் காதுப்பக்கம் "லூட்டஃபிஸ்க்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் அவள் மூக்கில் அடித்தான். அடி பலமில்லை. ஆனாலும் அவளுக்குக் கண் கலங்கியது.

வரிசையின் கடைசியில், பச்சைச் சட்டைக்கு மேல் கோட்டும் தொப்பியுமாக, நாலுகால் நடைத்தாங்கியைப் பிடித்தபடி ஆர்லின் நின்றிருந்தார். டானிகா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆர்லின், அந்த முட்டியோட நீங்க ஏன் இங்க நிக்கறீங்க? ஹேட்லிக்குப் பின்னால போய் அவளோட வெள்ளைப் பலகையைப் பிடிங்க."

அவர் மருமகளைப் பார்த்தார். பிறகு மார்லிஸைப் பார்த்தார்.

"போங்க," என்றாள் டானிகா. "சொல்லக் கூடாதுன்னுதானே என்கிட்ட சத்தியம் வாங்கினீங்க? காட்டக் கூடாதுன்னு வாங்கலையே."

"எதைச் சொல்லக் கூடாது?" என்றாள் மார்லிஸ்.

ஆர்லின் நடைத்தாங்கியைத் தள்ளித் தள்ளிப் புல்லைக் கடந்து போய், மண்டி போட்டிருந்த ஹேட்லிக்குப் பின்னால் நின்று, கோட்டுப் பைக்குள் கைவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டார். ஆக்ஸலின் அழுகை நின்றது. சட்டென்று, குழாயைத் திருகி மூடியது போல நின்றது. அவன் கண்கள் கேமராவைத் தாண்டி ஒரு சாண் மேலே ஏறின. இப்படி ஏறிய கண்களை மார்லிஸ் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறாள். அவை எங்கே போகின்றன என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. நேர் எதிரே இருந்தது.

ஆர்லின் தொப்பியைத் தூக்கினார். வழுக்கைத் தலையின் உச்சியில் மஞ்சள் வாத்து உட்கார்ந்திருந்தது. அவர் முகம் ஞாயிறு பிரசங்கம் கேட்கும் முகம். காதுகள் மட்டும் அசைந்தன. மேலே, கீழே, மேலே. வாத்து ஆடியது. அது இருப்பதே தெரியாதவர் போல அவர் ஆகாயத்தைப் பார்த்தார். வாத்து வழுக்கி நெற்றிக்கு வந்து, மூக்கில் பட்டு, கீழே விழப்போனதைத் தாடைக்குக் கீழே கையில் பிடித்து ஒளித்துக்கொண்டார். பிறகு தலையைத் தடவி, காணோமே என்று தேட ஆரம்பித்தார். கோட்டுப் பையில் தேடினார். நடைத்தாங்கியின் கீழே தேடினார். ஆக்ஸல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

அப்போதுதான் மார்லிஸ் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதை ஆர்லின் கண்டார். கை அப்படியே நின்றது. திருடும்போது பிடிபட்டவர் மாதிரி, வாத்தைப் பிடித்தபடி, புல்வெளி நடுவில் நின்றார். காது நுனி வரை சிவந்துபோனார்.

கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, வாத்தை எடுத்துத் தலையில் திரும்ப வைத்தார். மார்லிஸைப் பார்த்துக் காதுகளை அசைத்தார்.

மார்லிஸ் சிரித்தாள். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வழிய, கார்ஸ்டன் தோளைப் பிடித்துக்கொண்டு, வாய் கொள்ளாமல் சிரித்தாள். ஹேட்லி கெட்டிக்காரி. அந்த நேரம் பார்த்துக் கேமராப் பொத்தானை அமுக்கிவிட்டாள்.

சிரிப்பு ஓய்ந்ததும் மார்லிஸுக்குக் கோபம் வந்தது. நேராக அவரிடம் போனாள்.

"எத்தனை வருஷமா?"

"ஆரம்பத்துலேர்ந்து."

"ஆரம்பத்துலேர்ந்தா?"

"மொத மொத நீ தேவாலயத்துல குழந்தைங்களை எடுத்தியே, எல்லாம் அழுதுச்சு. வீட்டுக்கு வந்து நீயும் அழுதே. அடுத்த வாரம் வாத்தைக் கொண்டுவந்தேன். சிரிச்சுதுங்க. லூட்டஃபிஸ்க்னு சொன்னேன், சிரிச்சுதுங்கன்னு நீ வண்டியில பூரா சொல்லிக்கிட்டே வந்தே. அவ்வளவு சந்தோஷமா இருந்தே. அப்புறம் எப்படிச் சொல்றது?"

கல்யாணமானதிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

"ஊருக்கே தெரியுமா?"

"ம்."

"வெர்னாவுக்கு?"

"ம்."

"அந்த எலுமிச்சைத் துண்டுக்காரியை நான் பாத்துக்கறேன்." அவள் வாத்தை அண்ணாந்து பார்த்தாள். "அப்போ என்னால ஒரு குழந்தையும் சிரிக்கலையா ஆர்லின்? ஒண்ணு கூடவா?"

ஆர்லின் வாத்தைப் பையில் போட்டார்.

"வாத்தை வெச்சுக்கிட்டு யாரு வேணா நிக்கலாம்," என்றார். "குழந்தை ஒவ்வொண்ணையும் கடையில, தெருவுலன்னு தேடிப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தது நீதானே. எனக்கு அதுங்க பேரு கூடத் தெரியாது."

மார்லிஸ் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தாள். "நீ குனிஞ்சு நிமிர்ந்ததைப் பார்த்தேன். முட்டி வலிக்கலையா?"

"வலிக்குது."

"முட்டாள் மனுஷா," என்று சொல்லி, நடைத்தாங்கியோடு சேர்த்து அவரைக் கட்டிக்கொண்டாள்.

கேமராவை யாருக்கும் கொடுக்கவில்லை. மறுவாரமே ஆப்பிள் தோட்டத்தில் ஆர்லினுக்கு ஒரு நாற்காலி போட்டாள். இரட்டைச்சடைப் பெண்ணை மறுபடி வரவழைத்தாள். மண்டி போட்டு, மூச்சை இழுத்து, லூட்டஃபிஸ்க் என்று பழையபடியே கூவினாள். அந்தப் பெண் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. மார்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் தனக்கும் சிரிப்பு வந்து படம் ஆடிப்போய்விடும் என்கிறாள்.

டிசம்பரில் அந்த வீட்டு அட்டை ஊருக்கெல்லாம் வந்தது. பச்சைச் சட்டையில் கார்ஸ்டன், டானிகா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆக்ஸல், நடுவில் வாய் பிளந்து மார்லிஸ். எல்லோரும் ஒரு சாண் மேலே பார்க்கிறார்கள். படத்தில் ஆர்லின் இல்லை. அவர் எங்கே என்று ஊரில் ஒருவர் கூடக் கேட்கவில்லை.